கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கிறிஸ்துமஸ் அன்று போன கதை

கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கக் கிறிஸ்துமஸுக்குப் போனேன். சந்தை முந்தின நாளே முடிந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு தப்புக்கு நான் அழுதது கிட்டத்தட்ட 240 யூரோ, ஒன்றரை நாள் அரைப்பட்டினி, அப்புறம் என் கணவரிடம் இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கும் கேலி. எங்கள் அலுவலகத்திலிருந்து ஜெர்மனி போகிற இரண்டு பிள்ளைகள் போன வாரம் கேண்டீனில், "25ஆம் தேதி லீவுதானே, அன்னிக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2023 நவம்பர் நடுவில் மூன்று மாத வேலையாக என்னை மியூனிக் அனுப்பினார்கள். தனியாகத்தான் போனேன். நவம்பர் கடைசியில் ஊரெல்லாம் மரக்கடைகள் முளைத்தன. மரியன்பிளாட்ஸ் என்கிற நகர மையத் திடலைக் கடந்துதான் தினமும் வீட்டுக்குப் போக வேண்டும். இலவங்கம், பட்டை போட்டுக் காய்ச்சிய ஒயின் வாசனை, வறுத்த பாதாம், தலைக்கு மேலே விளக்குச் சரம். கூட வேலை செய்த ஒருவர், "இதெல்லாம் பெரிய நகரத்துச் சந்தை. உண்மையான பழைய சந்தை பார்க்கணும்னா ரோத்தன்பர்க் போ" என்றார். முழுப்பெயர் ரோத்தன்பர்க் ஒப் டெர் டவுபர், அதாவது டவுபர் ஆற்றுக்கு மேலே இருக்கிற ரோத்தன்பர்க். சுற்றிலும் மதில், மதிலுக்குள் சாய்ந்த கூரை வீடுகள், ஐநூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிற சந்தை. ரைட்டர்லெஸ்மார்க்ட் என்று அதற்குப் பெயர். ரைட்டர்லே என்றால் குட்டிக் குதிரைவீரன். குளிர்காலத்தில் இறந்தவர்களின் ஆவிகளோடு வானத்தில் வருபவன் என்று ஒரு காலத்தில் பயந்தார்களாம். இப்போது அவனே சந்தையைத் திறந்துவைக்கிற நல்ல ஆசாமி ஆகிவிட்டான். இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். சந்தை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை மட்டும் படிக்கவில்லை.

ஏன் படிக்கவில்லை என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். என் மனதில் இருந்த கணக்கு நம் ஊர்க் கணக்கு. பண்டிகை நெருங்க நெருங்கக் கூட்டம் ஏறும், பண்டிகைக்கு முந்தின ராத்திரி ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அப்படியானால் டிசம்பர் 24 சாயங்காலம்தான் உச்சம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். 22ஆம் தேதி வரை வேலை கழுத்தை நெரித்தது. 23 சனிக்கிழமை நாள் முழுக்கத் தூங்கினேன். 24 ஞாயிறு மதியம் கிளம்பி, இரண்டு இரவு தங்கி, 26 திரும்புவதாகத் திட்டம். அறை தேடியபோது ஒரு வேடிக்கையைப் பார்த்தேன். டிசம்பர் 9, 16 போன்ற சனிக்கிழமைகளில் மதிலுக்குள் ஒரு அறைகூட இல்லை. 24, 25 இரண்டு நாளும் ஏராளமாக இருந்தது, ஓர் இரவுக்கு 110 யூரோ. "அதிர்ஷ்டம்" என்று நினைத்துப் பணம் திரும்பக் கிடைக்காத கட்டணத்தில் 220 யூரோவைக் கட்டிவிட்டேன். அப்போதே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். திருவிழா நடக்கிற ஊரில் திருவிழா அன்று அறை சும்மா கிடக்கிறது என்றால், அன்று அங்கே திருவிழா இல்லை என்று அர்த்தம்.

ரயிலுக்குத் தனியாகக் காசு தேவைப்படவில்லை, அப்போது மாதம் 49 யூரோவுக்கு நாடு முழுக்கச் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருந்தேன். இதில் கவனம் வேண்டும்: அது ஊருக்கு ஊர் நின்று போகும் வட்டார ரயில்களுக்குத்தான் செல்லும். ஐசிஇ மாதிரி விரைவு ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாத ஆள் கணக்குதான். விலையும் ஏறிவிட்டது, 2025இல் 58 யூரோ. இன்னொன்று, அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். நான் ஊர் திரும்பிய பிறகு ஒரு மாதத்துக்கு வீணாகக் கட்டினேன். அது வேறு கதை.

மியூனிக்கிலிருந்து ட்ரொய்க்ட்லிங்கன், அங்கே மாறி ஷ்டைனாக், அங்கே இன்னொரு முறை மாறி ரோத்தன்பர்க். கடைசித் துண்டு வெறும் கால் மணி நேரம்தான், ஆனால் அந்தக் குட்டி ரயில் மணிக்கொன்றுதான் வரும். முதல் ரயில் தாமதம், ஷ்டைனாக் போய் இறங்கும்போது குட்டி ரயிலின் பின்பக்கம் தெரிந்தது. ஒரு மணி நேரம் திறந்தவெளி நடைமேடையில் நின்றேன். பனி இல்லை, மழை. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஜெர்மனியில் பல இடங்களில் மழைதான். கையில் கட்டி எடுத்துவந்த புளிசாதத்தை அங்கேயே சாப்பிட்டு முடித்தேன். போய்ச் சந்தையில் சூடாக ஏதாவது சாப்பிடலாம் என்ற தெம்பில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ரோத்தன்பர்க் ஸ்டேஷனிலிருந்து மதில் வாசலுக்குப் பத்து நிமிட நடை. ரோடர் வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் தரை முழுக்கக் கருங்கல் பாவியிருக்கிறது. பெட்டியின் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் கடகடவென்று அடித்தது. அந்தத் தெருவில் அது ஒன்றுதான் சத்தம். நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. ஜன்னல்களில் விளக்கு எரிந்தது, உள்ளே குடும்பம் குடும்பமாக மனிதர்கள் தெரிந்தார்கள். வெளியே யாரும் இல்லை. சந்தைத் திடலில் பெரிய கிறிஸ்துமஸ் மரம் முழு வெளிச்சத்தில் நின்றது. அதைச் சுற்றி மரக்கடைகள் எல்லாம் பலகை இறக்கிப் பூட்டியிருந்தன. மழை கொஞ்சம் பெரிதாகியிருந்தது. முதலில் நேரம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நாளைக் காலை திறப்பார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு தங்குமிடம் போனேன். அங்கே வரவேற்பில் ஆள் இல்லை. கதவருகே ஒரு சின்னப் பெட்டி, மின்னஞ்சலில் வந்த எண்ணை அழுத்தினால் சாவி. மேஜையில் ஒரு சீட்டு: இனிய கிறிஸ்துமஸ், 25, 26 காலை உணவு கிடையாது.

சாப்பாடு தேடிக் கிளம்பினேன். 24ஆம் தேதி ஜெர்மனியில் சட்டப்படி அரசு விடுமுறை இல்லை. ஆனால் கடைகளை மதியம் இரண்டு மணிக்கு மூடிவிட வேண்டும். அந்த வருடம் 24 ஞாயிற்றுக்கிழமை வேறு, ஞாயிறு அந்த நாட்டில் கடைகள் திறக்காத நாள். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. ஆக சூப்பர் மார்க்கெட் மூன்று நாள் தொடர்ந்து மூடல். ஓரிரு ஓட்டல்களில் உணவகம் திறந்திருந்தது. இரண்டு இடத்தில் கேட்டேன், இரண்டிலும் மிகவும் பணிவாக, பல வாரம் முன்பே பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்றார்கள். கண்ணாடி வழியாக உள்ளே மெழுகுவர்த்தியும் வாத்து வறுவலும் தெரிந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. பசியில் இல்லை, நாற்பது வயதில் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்தோமே என்று.

தேவாலயத்தில் மட்டும் ஆள் நடமாட்டம் இருந்தது. யாக்கோபு தேவாலயம், இரட்டைக் கோபுரம், அந்த ஊரின் பெரிய கோயில். 1544 முதல் லூத்தரன் ஊர் அது. வழிபாட்டுக்கு எல்லாரும் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நான் நனைந்த ஜாக்கெட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முடிந்து வெளியே வரும்போது பக்கத்தில் இருந்த பெரியவரிடம், நாளைக்குச் சந்தை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சந்தை நேற்றே முடிந்தது. சந்தை ஆட்வென்ட்டுக்கு. இன்று கிறிஸ்துமஸ்" என்றார். அப்படிப் பிரித்துச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்காவது ஞாயிறில் தொடங்குகிற காத்திருப்புக் காலம் ஆட்வென்ட். அந்தக் காலத்தில்தான் பண்டிகைக்கு வேண்டியதை வாங்குவார்கள், வெளியே கூடுவார்கள். பண்டிகை வந்துவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். யோசித்துப் பார்த்தால் நாமும் தீபாவளி காலையில் ரங்கநாதன் தெருவுக்குப் போவதில்லையே. உச்சம் எது என்பதில் ஒரே ஒரு ராத்திரி தப்பாகிவிட்டது.

ஆகவே இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ரோத்தன்பர்க் சந்தை ஆட்வென்ட்டின் முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளியில் தொடங்கி டிசம்பர் 23இல் முடியும். 2023இல் அது டிசம்பர் 1 முதல் 23 வரை. 2024இல் நவம்பர் 29 முதல் டிசம்பர் 23 வரை. மற்ற ஊர்களில் 22, 23, அல்லது 24 மதியம் என்று வேறுபடும். சில பெரிய நகரங்களில் கிறிஸ்துமஸுக்குப் பிறகும் நீட்டிப்பார்கள்தான், ஆனால் அதை நம்பிப் பயணம் போடாதீர்கள். அந்த ஊர் நகராட்சியின் சுற்றுலாப் பக்கத்தில் அந்த வருடத் தேதியை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் அறைக்குப் பணம் கட்ட வேண்டும்.

அன்று இரவு வீட்டுக்குப் போன் போட்டேன். சென்னையில் நள்ளிரவு. கணவர் தூக்கக் கலக்கத்தில் கேட்டுவிட்டு, "கிறிஸ்துமஸ் அன்னிக்கு கிறிஸ்துமஸ் சந்தை இல்லைன்னா என்னம்மா ஊரு அது?" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. "நீங்க போனை வைங்க" என்று வைத்துவிட்டேன். பையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் இருந்தது. அறையில் தண்ணீர் சுட வைக்கும் கெட்டில் இருந்தது. இரவுச் சாப்பாடு அதுதான்.

25ஆம் தேதி காலை மதில் மேல் நடந்தேன். அதற்குக் கட்டணம் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை, மேலே மரக்கூரை போட்டிருப்பதால் மழையிலும் நடக்கலாம். உள்சுவரில் வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். 1945 மார்ச் 31 குண்டுவீச்சில் பழைய ஊரின் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. மதிலைத் திரும்பக் கட்ட உலகம் முழுவதிலிருந்தும் மீட்டர் கணக்கில் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. அமெரிக்கப் பெயர்கள், ஜப்பானியப் பெயர்கள். படித்துக்கொண்டே ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. "பழசு" என்று நான் வந்து பார்த்ததில் பாதி போருக்குப் பிறகு திரும்பக் கட்டியது, என் அப்பா வயதுதான் இருக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

திடலில் ஒரு கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்து பொம்மைகள் வரும். ஒன்று தில்லி என்ற தளபதி, இன்னொன்று ஊர்த்தலைவர் நூஷ். 1631இல் முப்பதாண்டுப் போரின்போது ஊரைப் பிடித்த தில்லி, மூன்றேகால் லிட்டர் ஒயினை ஒரே மூச்சில் குடிப்பவன் இருந்தால் ஊரை விட்டுவிடுகிறேன் என்றானாம். நூஷ் குடித்தே காட்டினாராம். வரலாறா கதையா என்று கேட்காதீர்கள், அந்த ஊரே அதில்தான் வாழ்கிறது. அன்று மழையில் அந்தக் குடிமகனைப் பார்க்க நானும் நான்கு ஜப்பானியர்களும்தான் நின்றோம். பொம்மை குவளையைத் தூக்கியது. எனக்கு ஒரு டீக்கூடக் கிடைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் ஸ்டேஷன் பக்கம் ஒரு கபாப் கடை திறந்திருந்தது. ஃபலாஃபல் சுருட்டி வாங்கி நின்றுகொண்டே தின்றேன், இன்னொன்றைக் கட்டி வாங்கிக்கொண்டேன். இது ஒரு சின்னக் குறிப்பு: ஜெர்மனியில் இந்த மூன்று நாளில் மாட்டிக்கொண்டால் கபாப் கடை, பெட்ரோல் பங்க் கடை, பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடை, இவைதான் கைகொடுக்கும். இன்னும் நல்லது, கடை திறந்திருக்கும் முந்தின நாளிலேயே ரொட்டி, பழம், தயிர் வாங்கி வைத்துவிடுவது. நான் அன்று சாயங்காலமே மியூனிக் திரும்பிவிட்டேன். இரண்டாவது இரவுக்கான 110 யூரோ அந்தக் காலி அறையில் தூங்கியது. மொத்தக் கணக்கை ரூபாயில் போட்டால் இருபதாயிரத்துக்கு மேல். கணக்குப் போடாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வருடமும் அதே வேலைக்குக் கூப்பிட்டார்கள். மானப் பிரச்சினை, விடுவதாக இல்லை. செப்டம்பரிலேயே மதிலுக்குள் ஒரு அறை போட்டேன், ரத்து செய்தால் பணம் திரும்பும் கட்டணத்தில், டிசம்பர் 11 புதன்கிழமைக்கு. வார நாள் என்பது முக்கியம். சனி, ஞாயிறு பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள், ப்ளோன்லைன் என்கிற அந்தப் பிரபலமான சாய்ந்த வீட்டு முச்சந்தியில் படம் எடுக்க வரிசையே நிற்கும் என்று தங்குமிடத்து அம்மா சொன்னார். புதனன்றும் கூட்டம்தான், ஆனால் மூச்சு விட முடிந்தது. அங்கே தங்குவதன் உண்மையான பலன் சாயங்காலம் தெரியும். ஐந்து மணிக்கு மேல் பேருந்துக் கூட்டம் கலைந்துவிடும், சந்தை ஏழு, எட்டு மணி வரை இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அங்கே போக வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் கடைசி ரயில் நேரத்தை இறங்கும்போதே பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷ்டைனாக்கில் ராத்திரி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பகலிலேயே தெரியும்.

இந்த முறையும் அடி படாமல் இல்லை. பல கடைகளில் கார்டு வாங்கவில்லை, ரொக்கம்தான். ஏடிஎம்மில் 100 யூரோ எடுத்தபோது, "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று திரை கேட்டது. அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டேன். வங்கிக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் அதிகம் போயிருந்தது. எப்போதும் யூரோவிலேயே கணக்கிடு என்பதைத்தான் அழுத்த வேண்டும். கழிவறைக்குச் சில்லறை தேவைப்படும், ஐம்பது சென்ட், ஒரு யூரோ நாணயங்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் போன் பேட்டரி சரசரவென்று இறங்கும், கோட்டின் உள்பையில் வைத்திருந்தால் தாங்கும். காலுக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். குளிர் மேலிருந்து வருவதில்லை, அந்தக் கருங்கல்லிலிருந்துதான் ஏறுகிறது.

க்ளூவைன் என்கிற சூடான ஒயின் பெரும்பாலான ஊர்களில் சிவப்பு. இந்தப் பக்கம் ஃபிராங்கோனிய வெள்ளை ஒயினில் காய்ச்சியது கிடைக்கும், எனக்கு அதுதான் பிடித்தது. மது வேண்டாதவர்கள் கின்டர்புன்ஷ் என்று கேட்டால் பழச்சாற்றில் காய்ச்சித் தருவார்கள். விலையோடு குவளைக்கும் சேர்த்துப் பணம் வாங்குவார்கள். அதற்கு ஃபாண்ட் என்று பெயர், நம் சோடா பாட்டில் டெபாசிட் மாதிரி. குவளையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். இது தெரியாமல் எனக்கு முன்னால் ஒரு தம்பதி "ஒரு கிளாஸ் எட்டு யூரோவா?" என்று அதிர்ச்சியில் திரும்பிப் போனார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டால் போதாது. உப்பிட்ட பன்றிக்கொழுப்புத் துண்டுகளை ஷ்பெக் என்பார்கள், அதைச் சிலர் இறைச்சியிலேயே சேர்ப்பதில்லை. ஃப்ளாம்குகன் என்ற மெல்லிய ரொட்டியில் அது வழக்கமாக இருக்கும். "வெகெடாரிஷ்?" என்று கேளுங்கள், அதோடு "ஓனே ஷ்பெக்" என்றும் சொல்லுங்கள். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடை ஆப்பிள் கூழோடு வரும், நம் நாக்குக்கு அது நன்றாக ஒத்துப்போகும். சுட்ட செஸ்ட்நட்டும் நல்லது. ஊரின் புகழ்பெற்ற பலகாரம் ஷ்னேபாலன், மாவு நாடாக்களை உருண்டையாகச் சேர்த்துப் பொரித்துச் சர்க்கரைத் தூள் தூவியது. கடை ஜன்னல்களில் மலையாகக் குவித்திருப்பார்கள். என் கருத்தைக் கேட்டால், காய்ந்துபோன முள்ளு முறுக்கில் சர்க்கரை போட்டது போல இருந்தது. ஒன்றை நான்கு பேர் பகிர்ந்து சாப்பிடுங்கள். ஊர்க்காரர்கள் மன்னிக்கட்டும்.

எட்டு மணிக்குத் திடலில் இரவுக் காவலர் வேடத்தில் ஒருவர், கையில் ஈட்டியும் லாந்தரும் பிடித்து ஆங்கிலத்தில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். முடிவில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். முந்தின வருடம் நான் அழுதுகொண்டு நடந்த அதே சந்தில் அறுபது பேரோடு சிரித்துக்கொண்டு நடந்தேன்.

அன்று ஒரு மரப்பொம்மை வாங்கினேன். சின்னக் கூம்பு சாம்பிராணியைக் கொளுத்தி வயிற்றுக்குள் வைத்தால் வாய் வழியாகப் புகை விடுகிற தாத்தா. 26 யூரோ. கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டேன், சென்னையில் திறந்தபோது புகைக்குழாய் பிடித்த கை தனியாகக் கிடந்தது. கணவர் ஃபெவிக்விக் போட்டு ஒட்டினார், கொஞ்சம் கோணல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமிக்குச் சாம்பிராணி போடும்போது தாத்தாவுக்கும் ஒரு கூம்பு வைக்கிறோம்.